ஒரே மொழியா, பல மொழிகளா? நிரலாக்கம் படிப்போரின் கேள்விகளுக்குப் பதில்

திருகோணமலையைச் சேர்ந்த மாணவர்களும் பெற்றோரும் கேட்டவை இவை. பெயர்களைத் தவிர்த்து ஊரை மட்டும் குறித்திருக்கிறேன்.

உயர்தர மாணவி, உப்புவெளி: அக்கா, பாடசாலையில் பைதன் படிக்கிறேன். தோழிகள் ஜாவா, ஜாவாஸ்கிரிப்ட் என்று போகிறார்கள். நானும் தொடங்கட்டுமா?

வேண்டாம் தங்கச்சி. பரீட்சை முடியும்வரை பைதனிலேயே நில்லுங்கள். உங்கள் பாடத்திட்டத்தில் தரவுத்தளத்திலிருந்து தகவலைக் கேட்டெடுக்கும் மொழியான எஸ்.கியூ.எல். இருக்கிறது அல்லவா? பலர் அதை மனப்பாடம் செய்து கடந்துவிடுகிறார்கள். எனக்கு அது மிகவும் வருத்தம். அதற்கு அடிப்படையான தரவுத்தளக் கோட்பாட்டை எட்கர் கோட் என்ற கணினி அறிஞர் 1970இல் வெளியிட்டார். இன்றும் வங்கி முதல் வைத்தியசாலை வரை அதுவே ஓடுகிறது. ஒரு காலத்தில் எல்லோரும் விழுந்து விழுந்து கற்ற, வலைத்தளங்களில் அசைபடம் காட்டும் மென்பொருளான ஃபிளாஷுக்கான ஆதரவோ 2020 டிசம்பர் 31உடன் முடிந்துபோனது. எதில் ஆழமாக இறங்குவது என்று யோசிக்கும்போது இந்த இரண்டையும் நினைத்துப் பாருங்கள்.

இளைஞர், கிண்ணியா: வீடியோக்களைப் பார்த்து, வலைத்தளமும் செயலியும் செய்ய உதவும் ரியாக்ட், ஃபிளட்டர், கூடவே பைதன் என்று எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம் படித்தேன். சொந்தமாக எதையும் செய்ய வரவில்லை. ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டால் பின்தங்கிவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது.

தம்பி, இந்தப் பயம்தான் உங்களைக் கொஞ்சம் கொஞ்சத்திலேயே வைத்திருக்கிறது. ஒரு வேலையைத் தெரிந்தெடுத்துக் கடைசிவரை செய்யுங்கள். நிலாவெளியில் ஒரு சிறிய விருந்தினர் விடுதிக்கு அறைப்பதிவு முறை என்று வைத்துக்கொள்வோம். மொழி பைதனாகவே இருக்கட்டும்.

இருவர் ஒரே நொடியில் ஒரே அறையைக் கேட்டால் என்ன ஆகும்? அறை காலியா என்று நிரல் பார்த்து, பிறகு பதிவு செய்தால், இரண்டுக்கும் நடுவில் மற்றவர் புகுந்துவிடுவார். ஒரே அறைக்கும் ஒரே இரவுக்கும் இரண்டாவது பதிவைத் தரவுத்தளமே மறுக்கும்படி கட்டுப்பாடு வைக்க வேண்டும். அங்கே தரவுத்தளத்தில் ஆழமாகிவிடுகிறீர்கள்.

அடுத்தது திகதி. இலங்கை நேரம் உலகப் பொது நேரத்தைவிட ஐந்தரை மணி முன்னே இருக்கிறது. இங்கே நள்ளிரவு என்று பதிந்தது பொது நேரத்தில் முந்திய நாள் மாலை 6.30. கவனிக்காவிட்டால், வெளிநாட்டிலிருந்து பதிபவருக்கு ஒரு நாள் பிந்திப்போகும் அல்லது முந்திவிடும்.

பிறகு தமிழ்ப் பெயர்கள். "கொ" நமக்கு ஓர் எழுத்து. எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் யுனிகோடில் இரண்டு குறியீடுகள், அவற்றைக் கணினியில் சேமிக்கும் யூ.டி.எஃப்-8 முறையில் ஆறு பைட். பெயரின் நீளத்துக்கு எல்லை வைக்கும் இடத்திலும், பெயரைச் சுருக்கிக் காட்டும் இடத்திலும் இது தெரியாதவரின் நிரல் எழுத்தைப் பாதியில் வெட்டும்.

பாருங்கள், ஒரே வேலைதான். தரவுத்தளம், நேரம், எழுத்துக் குறியாக்கம் மூன்றையும் கற்றுவிட்டீர்கள். நான் நம்பும் அகலம் இப்படித்தான் வருகிறது. வீடியோப் பட்டியலால் வருவதில்லை.

தந்தை ஒருவர், மூதூர்: பிள்ளை, மகன் எல்லாம் தெரிந்தவனாக இருந்தால்தானே இங்கே வேலை கிடைக்கும்?

ஐயா, நீங்கள் சொல்வதில் உண்மை இருக்கிறது. நம் ஊரில் ஒரு கடையோ விடுதியோ நான்கு பேரை வைத்து மென்பொருள் செய்விக்காது. வலைத்தளம், பில் போடும் முறை, இயங்காத பிரிண்டர் வரை ஒருவரே பார்க்க வேண்டும். ஆனால் வீட்டிலிருந்தபடி கொழும்பு நிறுவனத்துக்கோ வெளிநாட்டு நிறுவனத்துக்கோ வேலை செய்ய விரும்பினால், நேர்முகத்தில் ஒன்றைப் பிடித்துக் குடைந்து கேட்பார்கள். மகன் எந்த வழியை விரும்புகிறார் என்று முதலில் அவரிடமே கேளுங்கள். எதுவாயினும், ஒன்றில் உறுதியாக நின்றவருக்கு மற்றவற்றுக்கு விரிவது எளிது.

வளாக மாணவர், கோணேசபுரி: செயற்கை நுண்ணறிவே நிரல் எழுதித் தருகிறதே, இனி ஆழம் எதற்கு?

மேலே சொன்ன அறைப்பதிவை அதனிடமே எழுதச் சொல்லுங்கள். வந்த நிரலில் இரட்டைப் பதிவு தடுக்கப்பட்டிருக்கிறதா என்று வாசித்துச் சொல்ல உங்களால் முடிகிறதா? அதற்குத்தான்.

ஆசிரியை, தம்பலகாமம்: இரண்டாவது மொழியை எப்போது தொடங்கச் சொல்லலாம்?

உதவியில்லாமல் ஒரு நிரலை எழுதி, அதன் பிழையைத் தானே கண்டுபிடிக்கும் நிலை வந்ததும் தொடங்கலாம் ரீச்சர். முதல் மொழியைப் போன்ற இன்னொன்றைக் கொடுக்காதீர்கள். பைதன் தெரிந்த பிள்ளைக்குச் சி மொழியைக் கொடுத்துப் பாருங்கள். பைதன் மறைத்து வைக்கும் நினைவக ஒதுக்கீட்டை அங்கே தானே கையாள வேண்டிவரும். பைதனின் பட்டியல் (list) உள்ளே எப்படி இயங்குகிறது என்பதும் அப்போது விளங்கும்.