பீமனும் குடும்பத்தலைவனும்

கேள்வி: ஊமைப்படக் காலத்தில் நம் பக்கத்து ஆள் ஒருவர் பம்பாயில் பெரிய சண்டை நடிகராக இருந்தாராமே, உண்மையா? (அறந்தாங்கி வாசகர்)

பதில்: உண்மைதான். புதுக்கோட்டை நாகலிங்கம்; திரையில் ராஜா சாண்டோ. கர்லாக்கட்டை சுற்றுகிற என் தாத்தா, “சாண்டோ மாதிரி நெஞ்சு வேண்டுமடா” என்று எங்களை விரட்டுவார். அவர் சொன்னது ஜெர்மன் பயில்வான் யூஜின் சாண்டோவையா, அந்தப் பெயரைத் தனக்குச் சூட்டிக்கொண்ட ராஜா சாண்டோவையா என்று கேட்கத் தோன்றாமல் போய்விட்டது!

நாகலிங்கம் உடற்பயிற்சி வீரராகப் பம்பாய் போய்ச் சேர்ந்தவர். ‘வீர பீம்சேன்’ (1923) போன்ற புராணப் படங்களுக்கு அந்தத் தோள்கள் கச்சிதம். மொழி ஒரு தடையே இல்லை. திரையில் யாரும் பேசவில்லையே. எனக்கு வியப்பு தருவது அடுத்த கட்டம். இயக்குநர் சந்துலால் ஷாவின் ‘குணசுந்தரி’யில் (1927) நடிகை கோஹருக்கு ஜோடியாக, சட்டை போட்ட குடும்பத்தலைவனாக வந்து நின்றார். பயில்வான்களில் எத்தனை பேருக்கு அது வாய்க்கும்?

பிறகு சென்னை திரும்பி ‘பேயும் பெண்ணும்’ (1930) முதலான படங்களை இயக்கினார். பேசும் படத்திலும் ‘மேனகா’ (1935), பாகவதரின் ‘திருநீலகண்டர்’ (1939) என்று இயக்குநர் நாற்காலியை விடவில்லை. 1943இல் காலமானார்.

கேள்வி: அவருடைய ஊமைப்படங்களை இன்று பார்க்க முடியுமா? (அதே வாசகர்)

பதில்: ஆசையைக் குறைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கால நைட்ரேட் படச்சுருள்கள் எளிதில் தீப்பிடிக்கும். தப்பியவற்றிலும் பலவற்றை, சுருளில் இருந்த வெள்ளிக்காக உருக்கிவிட்டார்கள். தென்னிந்திய ஊமைப்படங்களில் பேர்சொல்ல மிஞ்சியிருப்பது ‘மார்த்தாண்ட வர்மா’ (1933). அதில் சாண்டோ இல்லை.