சிவப்புச் சுவரில் நீலக் கடல்

கேள்வி: கொழும்புக் கோட்டையிலுள்ள சிவப்பு நிறக் கார்கில்ஸ் கட்டடத்தின்மேல் புரொஜெக்டரால் ஓவியம் விழுத்த ஆசை. நீலக் கடல் வரைந்திருக்கிறேன், எடுபடுமா? (வெள்ளவத்தை வாசகி)

பதில்: அருமையான ஆசை, ஆனால் நீலம் எடுபடாது. 1906இல் கட்டி முடித்த அந்தக் கட்டடத்தின் சிவப்புச் சுவர் நீல ஒளியை விழுங்கிவிடும், கடல் கருத்துப்போய்த்தான் தெரியும். வெள்ளை வேலைப்பாடுகளில் மட்டும் நீலம் பளிச்சென்று விழும் என்பதால் அலைகளை அங்கே ஓடவிட்டு, சிவப்பில் அந்தி வானத்தைத் தீட்டிப் பாருங்கள், எனக்கு அதுவே இன்னும் அழகாகப் படுகிறது. அப்புறம், புரொஜெக்டர் நிற்கும் இடத்திலிருந்தே சுவரைப் படம் பிடித்து, ஜன்னல், தூண் விளிம்புகளைக் கோடிட்டு அதன்மேல் வரையுங்கள். வீட்டு புரொஜெக்டரின் 3,000 லூமன் (ஒளியின் அளவு) தெருவிளக்கு வெளிச்சத்தில் காணாது, 20,000 லூமன் அளவில் ஒன்றை வாடகைக்கு எடுங்கள். உரிமையாளரிடம் அனுமதி கேட்பதுதான் முதல் வேலை, சரியா?