கட்டட வேலையிடத்திலேயே தொழில் கற்பவர்களுக்குத் தொழில்நுட்பம் உதவுமா?

கட்டடத் தொழிலாளர்கள் பயிற்சி நிலையத்துக்குப் போகாமல் வேலையிடத்திலேயே தொழில் பழகுகிறார்கள், அதற்குத் தொழில்நுட்பத்தால் துணை செய்ய முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். சென்னைப் புறநகரில் அடுக்குமாடிக் கட்டடங்களில் மேற்பார்வைப் பொறியாளராக இருப்பவன் என்ற முறையில் சொல்கிறேன்: முடியும். புதிதாகச் செயலி எதுவும் உருவாக்க வேண்டியதில்லை. தொழிலாளியின் சட்டைப்பையில் இருக்கும் வாட்ஸ்அப்பே போதும். எதை, எப்போது, யார் குரலில் காட்டுகிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

நிமிந்தாளாக, அதாவது கொத்தனாருக்கு எடுபிடி ஆளாக, வருபவர் சில ஆண்டுகள் கலவை சுமக்கிறார், மேஸ்திரி தேநீர் குடிக்கப் போன நேரத்தில் கரணையை எடுத்துப் பார்க்கிறார், ஆள் குறைவான ஒரு நாளில் உள்சுவரில் இரண்டு வரி செங்கல் வைக்கச் சொல்லப்படுகிறார், அப்படியே கொத்தனாராகிறார். இந்த முறையை நான் குறைத்து மதிப்பிடுவதில்லை. தூக்குக்குண்டு நூலை ஒற்றைக் கண்ணால் பார்த்தே சுவரின் சாய்வைச் சொல்லிவிடும் தேர்ச்சி வகுப்பறையில் வருவதன்று. ஆனால் கைத்திறனோடு பழைய வழக்கமும் சேர்ந்தே கைமாறுகிறது. காரணம் மட்டும் வழியில் விட்டுப்போகிறது.

தூணுக்குக் கட்டும் ரிங்கை, அதாவது நிலைக்கம்பிகளைச் சுற்றிக் கட்டும் கம்பி வளையத்தை, எடுத்துக்கொள்ளுங்கள். அதன் இரு முனைகளையும் 135 பாகைக்கு மடித்து, தூணின் உட்பகுதியை நோக்கிச் செலுத்த வேண்டும் என்றும், 8 மி.மீ. கம்பியானால் மடிப்புக்கு அப்பால் குறைந்தது 65 மி.மீ. நீளம் இருக்க வேண்டும் என்றும் நிலநடுக்கத்தைத் தாங்கும் கான்கிரீட் கட்டடங்களுக்கான இந்தியத் தர விதியான ஐ.எஸ். 13920இன் 2016ஆம் ஆண்டுப் பதிப்பு சொல்கிறது. 2002இல் திருத்தப்பட்ட நில அதிர்வு வரைபடத்தில் சென்னை இரண்டாம் மண்டலத்திலிருந்து, அபாயம் கூடுதலான மூன்றாம் மண்டலத்துக்கு மாற்றப்பட்டது. அதற்கு முன்பே தொழில் பழகிய கம்பி மேஸ்திரிகள் பலர் 90 பாகையில் மடிக்கவே கற்றவர்கள், தம்மிடம் பழகியவர்களுக்கும் அதையே காட்டினார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. கட்டட வரைபடத்தில் 135 என்று எழுதி அனுப்பினாலும், “இத்தனை வருஷமா இப்படித்தான் சார் கட்டுறோம்” என்ற பதில்தான் வரும்.

இங்கேதான் கைபேசி உதவியது. எங்கள் கம்பிக் குழுவிலேயே சுறுசுறுப்பான ஒருவர் வளைக்கும் பலகையில் ஆணிகளுக்கு இடையே கம்பியை வைத்து 135 பாகைக்கு மடிப்பதை, கையும் கம்பியும் மட்டும் தெரியும்படி ஒரு நிமிடத்துக்குள் அடங்கும் காணொளியாக எடுத்தோம். அதன் பின்னாலேயே, நிலநடுக்கத்தில் சேதமடைந்த ஒரு தூணின் படத்தைச் சேர்த்தோம்: கம்பியை மூடியிருந்த வெளிக் கான்கிரீட் உதிர்ந்ததும் 90 பாகை மடிப்புகள் விரிந்துகொள்ள, நிலைக்கம்பிகள் வெளியே பிதுங்கி நிற்கின்றன. அந்தப் படத்துக்கு விளக்கமே தேவைப்படவில்லை. பேச்சில்லாத காணொளி என்பதால் ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்தவர்களுக்கும் அது அப்படியே புரிந்தது. கூடுதலாகச் சொல்ல வேண்டியதை அவர்களில் தமிழ் தெரிந்த ஒருவர் இந்தியில் குரல்பதிவாக அனுப்பினார். பொறியாளரின் உடைந்த இந்தியைவிட அதற்கு மதிப்பு அதிகம்.

நேரமும் முக்கியம். தளம் போடும் வேலைக்குரிய காணொளியை முந்தின மாலை மேஸ்திரிக்கு மட்டும் அனுப்பி, மறுநாள் காலை வேலை தொடங்கும்போது, கூலி கணக்கில் சேரும் நேரத்திலேயே எல்லோருக்கும் காட்ட வேண்டும். பகலெல்லாம் வெயிலில் நின்றவரிடம், இரவில் சொந்த நேரத்தில் சொந்த டேட்டாவைச் செலவழித்துக் கற்றுக்கொள்ளச் சொல்வது நியாயமன்று. எல்லாவற்றுக்கும் காணொளியும் வேண்டாம். தூணில் கான்கிரீட் போட்ட தேதியைச் சாக்பீஸால் எழுதிவைத்தாலே, சாதாரண சிமெண்டுக்குக் குறைந்தது 7 நாள், வறண்ட வெயில் காலத்தில் 10 நாள் என்ற கியூரிங் (கான்கிரீட்டை ஈரமாக வைத்திருக்கும்) கணக்கை யார் வந்தாலும் பார்த்துக்கொள்ளலாம்.

ஒன்றை மட்டும் கட்டாயம் தவிர்க்க வேண்டும். கற்றுக்கொள்ள அனுப்பிய படத்தைக் கூலி பிடிக்கச் சான்றாகப் பயன்படுத்தக் கூடாது. நான் அறிந்த ஓர் ஒப்பந்ததாரர், கம்பிக்கும் பலகைக்கும் இடையே இடைவெளி விட வைக்கும் கவர் பிளாக்கை வைக்காமல் விட்ட இடத்தை வாட்ஸ்அப் குழுவில் வந்த படத்தில் கண்டுபிடித்து அபராதம் போட்டார். தரக் கட்டுப்பாடு என்ற அளவில் அவர் பார்த்தது சரிதான். ஆனால் அதன் பிறகு அந்தக் குழுவில் வந்ததெல்லாம் காலை வணக்கப் படங்கள் மட்டுமே. ஆய்வுக்கு வேறு குழுவும், சந்தேகம் கேட்க வேறு குழுவும் இருப்பது நல்லது. இரண்டாவதில் மேலாளர்கள் இல்லாவிட்டால் இன்னும் நல்லது.

இன்னொரு பெரிய இடைவெளி பெண்கள். சித்தாளாகச் சேர்ந்த பெண்கள் பெரும்பாலும் சித்தாளாகவே ஓய்வுபெறுகிறார்கள். கரணை அவர்கள் கைக்கு வருவதே அரிது. பலரிடம் சொந்தத் திறன்பேசி இல்லை, வீட்டுக் கைபேசி கணவரிடமோ மகனிடமோ இருக்கும். ஆகவே வாட்ஸ்அப்பை மட்டும் நம்பினால் ஏற்கெனவே விடுபட்டவர்கள் மீண்டும் விடுபடுவார்கள். சைட் ஆபீஸில் பொதுவாக ஒரு டேப்லெட் வைத்து, உணவு இடைவேளைக்குப் பின் அரைமணி நேரம் அவர்களுக்குச் சுவர் கட்டவும் பூசவும் வேலை ஒதுக்கி, அவர்கள் கட்டியதைத் தேதியோடு படமெடுத்து அவர்களிடமே கொடுக்கலாம். அந்தப் படங்கள் அடுத்த இடத்தில் கொத்தனார் கூலி கேட்கும்போது காட்ட உதவும். அனுபவத்தை மதிப்பிட்டுச் சான்றிதழ் தரும் அரசின் முன்கற்றல் அங்கீகாரத் தேர்வுக்குப் போவதற்கு முன், எதில் இன்னும் கை பழக வேண்டும் என்று பார்த்துக்கொள்ளவும் அவை பயன்படும்.