உரிமையாளர் "கடைசி விலை" என்று சொன்ன பிறகும் குறைத்துக் கேட்கலாமா?

சேலத்தில் பழைய தனி வீடு ஒன்றைப் பேசிக்கொண்டிருப்பதாகவும், "இதுதான் கடைசி விலை" என்று உரிமையாளர் தரகர் மூலம் சொல்லியனுப்பிவிட்டதாகவும், வங்கி மதிப்பீடு இன்னும் வரவில்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். குறைத்துக் கேட்கலாம், அதில் தவறில்லை. ஆனால் அதற்கு முன் உங்களுடைய கடைசி விலை எது என்பது உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். கன்னங்குறிச்சியில் நான் வீடு வாங்கியபோது போட்ட கணக்கை அப்படியே தருகிறேன்.

உரிமையாளர் முதலில் கேட்டது 68 லட்சம். இரண்டு முறை பேசிய பிறகு 64.5 லட்சத்தில் நின்றுவிட்டார். வங்கியின் மதிப்பீட்டாளர் 62 லட்சம் என்று எழுதிக் கொடுத்தார். 30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம் வரையிலான வீட்டுக் கடனுக்கு மதிப்பில் 80 சதவீதம்தான் உச்சவரம்பு என்பதால் 49.6 லட்சம் கடன் கிடைக்கும். கையிருப்பு 21 லட்சம். ஆக மொத்தம் 70.6 லட்சம். இதிலிருந்துதான் முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம், தரகு 1 சதவீதம் எல்லாம் போக வேண்டும். பதிவுக் கட்டணம் 2023 மார்ச் இறுதியில் 4 சதவீதத்திலிருந்து 2 ஆகக் குறைந்தது உண்மைதான், ஆனால் அதே நேரத்தில் வழிகாட்டி மதிப்பு, அதாவது இடத்துக்கு அரசு குறித்திருக்கும் மதிப்பு, உயர்ந்தது. நீங்கள் பேசிய விலையைவிட வழிகாட்டி மதிப்பு அதிகமாக இருந்தால் தீர்வை அதன்மேல்தான் கணக்கிடப்படும் என்பதால், பதிவுத்துறை இணையதளத்தில் உங்கள் தெருவுக்கு என்ன மதிப்பு என்று முதலிலேயே பார்த்துவிடுங்கள்.

கொத்தனாரை அழைத்துக்கொண்டு மாடிக்குப் போனேன். அவர் கரண்டியின் பிடியால் தட்டோடுகளை வரிசையாகத் தட்டிக்கொண்டே வந்தார். பூசையறைக்கு நேர் மேலே நான்கைந்து ஓடுகள் மட்டும் வெற்றுக்குடம் போல் ஒலித்தன. கீழே இறங்கிப் பார்த்தால் அதே இடத்தில் சுவர் மூலையில் ஈரக்கறை. அதற்கும், பழைய மின்கம்பிகளை மாற்றுவதற்கும் சேர்த்து 2.4 லட்சம் ஆகும் என்றார். அத்தனையையும் கழித்துப் பின்னோக்கிக் கணக்குப் போட்டபோது, வீட்டுக்கென்று நான் தரக்கூடியது சரியாக 62 லட்சம். அதற்கு மேல் போனால் மனைவியின் நகையை அடகு வைக்க வேண்டும். அதைச் செய்வதில்லை என்று இருவரும் முன்பே முடிவு செய்திருந்தோம்.

இந்தத் தொகையைத் தரகர் மூலம் சொல்லியனுப்பாமல், உரிமையாளரை நேரில் பார்த்துச் சொன்னேன். தரகர்மேல் குறை இல்லை, ஆனாலும் இருவர் வாய் மாறும்போது காரணங்கள் உதிர்ந்து எண் மட்டுமே போய்ச் சேர்கிறது. உரிமையாளர் உருக்காலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், கோவையில் மகன் வீட்டுக்குக் குடிபோக இருந்தவர். "உங்க வீட்டைக் குறை சொல்ல வரலைங்க ஐயா, என்னால முடிஞ்சது இவ்வளவுதானுங்க" என்று சொல்லிக் கணக்கெழுதிய தாளை அவர் முன் வைத்தேன். கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு வரிவரியாகப் படித்தார். "63-ன்னு முடிச்சுக்கலாமே தம்பி" என்றார். இந்த இடத்தில்தான் பலரும் தடுமாறி 62.5 என்று சொல்லிவிடுகிறார்கள். சொன்ன உடனேயே 62 கடைசி விலை இல்லை என்று ஆகிவிடுகிறது, பிறகு 63-க்குப் போவது சில நிமிட வேலைதான். நான் தொகையைத் தொடவில்லை. அதற்குப் பதிலாக என்னால் தர முடிந்த வேறு மூன்றைச் சொன்னேன்: ஒரு லட்சத்துக்குப் பதில் 10 லட்சம் முன்பணம், பதிவு நாளை அவரே குறிக்கலாம், பதிவுக்குப் பின் ஒரு மாதம் வாடகையின்றி அங்கேயே தங்கிச் சாமான்களை அனுப்பலாம். ஞாயிற்றுக்கிழமை வரை காத்திருப்பேன், அதற்குப் பின் அழகாபுரத்தில் பார்த்து வைத்திருக்கும் இன்னொரு வீட்டைப் பேசப் போவேன் என்றும் தெரிவித்தேன். உண்மையிலேயே அப்படி ஒரு வீடு இருந்தது. இல்லாத வீட்டைச் சொல்லி மிரட்டுவது எனக்கு உடன்பாடில்லை.

அப்போது ஆடி மாதம். கோட்டை மாரியம்மன் பண்டிகை நடக்கும் அந்த நாட்களில் இங்கே பத்திரம் பதிவோர் குறைவு. ஆகவே விற்பவரைத் தேடி வருவோரும் குறைவு. ஆடியில் பேசி முடித்து ஆவணியில் பதிவு செய்வது இருவருக்கும் பொருந்தியது. மூன்றாம் நாள் காலையில் அவரே அழைத்து, வெற்றிலை பாக்கு மாற்றிக்கொள்ள வரச் சொன்னார்.

பேசும்போதே சொல்லிவிட வேண்டியது ஒன்று உண்டு. விலை 50 லட்சம் அல்லது அதற்கு மேல் என்றால் வாங்குபவர் விற்பவருக்குத் தரும் தொகையில் 1 சதவீதத்தை வருமான வரியாகப் பிடித்து அரசுக்குக் கட்ட வேண்டும். எங்கள் கணக்கில் அது 62,000 ரூபாய். பதிவு நாளன்று இதைச் சொன்னால் விலையைக் குறைத்துவிட்டதாக அவர் நினைப்பார். அதேபோல், ஒரு பகுதியை ரொக்கமாகக் கொடுத்துப் பத்திரத்தில் குறைத்துக் காட்டினால் விலையைக் குறைப்பதாக யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். வீட்டு விலையில் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாகக் கைமாறுவதைச் சட்டம் அனுமதிப்பதில்லை. பத்திரத் தொகை குறைந்தால் வங்கிக் கடனும் குறையும்.

உங்களுக்கு வங்கி மதிப்பீடு வரவில்லை என்பதால், அது வரும்வரை எந்தத் தொகையையும் கடைசி என்று உரிமையாளரிடம் சொல்ல வேண்டாம். இந்த இடைவெளியில் வீட்டின்மேல் அடமானம் போன்ற பதிவுகள் உண்டா என்று காட்டும் வில்லங்கச் சான்று எடுத்து, பட்டா அவர் பெயரில்தான் இருக்கிறதா, பலர் பெயரிலுள்ள கூட்டுப்பட்டாவா என்று பார்த்து, ஒரு கொத்தனாரை மாடிக்கு அழைத்துப் போங்கள்.