முகட்டில் ஓர் ஓடுதளம் – கடிதமும் பதிலும்

வணக்கம்.

நியூசிலாந்தின் வைரராப்பா பகுதியில் ஓர் ஆட்டுப்பண்ணையில் வேலை செய்கிறேன். முகட்டின் மேல் புல் மண்டிய நீளப் பட்டை ஒன்று சரிவாக ஓடி, பள்ளத்தாக்கின் விளிம்பில் சட்டென்று முடிகிறது. மேல்முனையில் பாதி சாய்ந்த தகரக் கொட்டகை. பழைய விமான ஓடுதளமாம். இத்தனை சரிவில் விமானம் எப்படி இறங்கியது? ஏன் கைவிட்டார்கள்? அங்கே ஆடு அடைக்கலாமா என்று முதலாளி கேட்கிறார்.

– ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

அது ஆள் ஏறி இறங்குவதற்கான தளம் அல்ல, உரம் ஏற்றுவதற்கானது. அதற்குச் சரிவு வேண்டும். பாரமில்லாத விமானம் மேட்டை நோக்கி இறங்கும், ஏற்றமே பிரேக். உச்சியில் திரும்பி நிற்கும். எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போதே லோடர் வண்டி ஒரு வாளி சூப்பர் பாஸ்பேட் உரத்தை விமானத்தின் தொட்டியில் கொட்டும். பாரத்தோடு கீழ்நோக்கி ஓடும்போது சரிவு வேகம் தரும், விளிம்பைத் தாண்டியதும் பள்ளத்தாக்கு உயரம் தரும். பழைய பிளெட்சர் விமானம் ஒரு நடைக்குச் சுமார் ஒரு டன் தூக்கும். சில நிமிடங்களில் அடுத்த நடைக்கு வந்துவிடும். கிளம்பும் திசை ஒன்றுதான் என்பதால், காற்று முகட்டிலிருந்து பள்ளத்தை நோக்கி பலமாக வீசினால் அன்றைய வேலை நின்றுவிடும்.

உரம் வைத்திருந்த அந்தக் கொட்டகையைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். கூரை ஒழுகினால் உரம் ஈரம் கோத்துக் கட்டிதட்டும். கட்டிதட்டிய உரம் தொட்டியின் வாயில் அடைத்துக்கொள்ளும். ஆபத்து நேரத்தில் விமானி பாரத்தை மொத்தமாகக் கொட்டித்தான் தப்பிக்க வேண்டும்; அது கொட்டாது. உரத்தை உலர்வாக வைப்பது உயிர்காக்கும் வேலை.

அந்த மலைமண்ணில் மணிச்சத்தும் கந்தகச்சத்தும் குறைவு. சூப்பரில் முன்னது சுமார் 9%, பின்னது சுமார் 11%. இரண்டும் கிடைத்தால் குளோவர் என்ற தீவனச் செடி செழிக்கும், குளோவர் தழைச்சத்தை மண்ணில் சேர்க்கும், பிறகு புல் தானே வரும். டிராக்டர் ஏறாத சரிவில் இதை வானத்திலிருந்துதான் தூவ முடியும். 1948-இல் விமானப்படை ஒஹாகியாவில் சோதித்துப் பார்த்தது. 1949-இல் தனியார் டைகர் மாத் விமானங்களோடு தொழிலில் இறங்கினார்கள். இந்த வேலைக்கென்றே வடிவமைத்த பிளெட்சர் 1954-இல் முதன்முதலாகப் பறந்தது.

1982-இல் அந்நாட்டில் செம்மறி ஆடுகள் 7 கோடியை எட்டின. 1984-க்குப் பிறகு அரசு மானியங்களை நிறுத்தியதும் பண்ணைக்காரர்கள் முதலில் கைவைத்தது உரச்செலவில்தான். பிறகு வந்த டர்பைன் விமானங்களுக்கு நீளமான தளம் தேவைப்பட்டது. ஹெலிகாப்டருக்கோ சமதளமான ஒரு திட்டே போதும். பல மலைகளில் பைன் மரம் நட்டுவிட்டார்கள். குட்டையான முகட்டுத் தளங்கள் இப்படித்தான் தனித்துப் போயின.

ஆடு விஷயத்துக்கு வருகிறேன். சரிவின் கீழ்ப்பகுதியில் தாராளமாக மேயட்டும். கொட்டகையையும் அதைச் சுற்றி லோடர் ஓடிய இடத்தையும் மட்டும் வேலி போட்டுப் பிரியுங்கள். சிந்திக்கிடக்கும் சூப்பரை ஆடு தின்றால் அதிலுள்ள புளோரைடு சிறுநீரகத்தைக் கெடுத்துக் கொன்றுவிடும். நவுரு தீவின் பாறையிலிருந்து செய்த உரத்தில் காட்மியம் என்ற நச்சு உலோகமும் அதிகம், அது மண்ணை விட்டுப் போகாது. (வயது முதிர்ந்த ஆடுகளின் சிறுநீரகத்தை அங்கே உணவுக்கு விடாததற்கு இதுதான் காரணம்.) புல்வேரைத் தின்னும் புழுவுக்காக டிடிடி பூச்சிக்கொல்லி கலந்த சூப்பரும் அந்நாளில் தூவப்பட்டது. 1970-இல் மேய்ச்சல் நிலங்களில் கட்டுப்பாடு வந்தது, 1989-இல் முழுத்தடை.

ஆகவே கொட்டகைப் பக்கம் 7.5 செ.மீ. ஆழத்தில் பல இடங்களில் மண் எடுத்து, காட்மியத்துக்கும் டிடிடிக்கும் தனியாகச் சோதனைக்கு அனுப்புங்கள். பண்ணையின் வழக்கமான மண் மாதிரியோடு கலக்கவே கூடாது. கலந்தால் முழு நிலத்திலும் மணிச்சத்து ஏராளம் என்று பொய்க்கணக்கு வரும், அந்த ஆண்டு உரத்தைக் குறைத்துப் புல்லை இழப்பீர்கள்.

கொட்டகைக்குள் நுழையாதீர்கள். பல வருட ஈரத்தில் தூண்களின் அடி உளுத்திருக்கும். வெளியிலிருந்து கூரைத் தகரத்தை முதலில் கழற்றி, பிறகு பலகைகளை, கடைசியில் தூண்களைச் சாய்க்கச் சொல்லுங்கள். தளத்தை யாராவது மறுபடி பயன்படுத்தக் கேட்டால், விமானியே நடந்து பார்க்காமல் சம்மதிக்க வேண்டாம். பள்ளத்தாக்கின் குறுக்கே பிற்காலத்தில் இழுத்த மின்கம்பி ஒன்று இருந்தாலும் மேலிருந்து கண்ணில் படாது.