பாறைத் தரையில் நிலைக்கும் அப்ரோச் டிஸ்க்: கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

டெக்ஸஸ் மாநிலம் ஆஸ்டினில் இருக்கிறேன். தட்டு போன்ற டிஸ்க்கை வீசி, சங்கிலி தொங்கும் கூடையில் விழவைக்கும் டிஸ்க் கோல்ஃபை இரண்டு வருடமாக ஆடுகிறேன். இன்னோவா நிறுவனத்தின் ஏவியார் என்ற டிஸ்க், அவர்களுடைய டிஎக்ஸ் என்ற பிளாஸ்டிக் வகையில், ஒன்று வைத்திருக்கிறேன். கூடைக்குப் பக்கத்தில் நின்று போடுவதற்கும் (பட்டிங்) 150, 200 அடியிலிருந்து கூடையை நெருங்க வீசுவதற்கும் (அப்ரோச்) அதே டிஸ்க்தான். ஆறு மாதத்தில் விளிம்பு எலி கடித்த மாதிரி ஆகிவிட்டது. முன்பு நேராகப் போய் கடைசியில் லேசாக இடது பக்கம் இறங்கும். இப்போது கொஞ்சம் வேகமாக வீசினால் வலது பக்கம் திரும்பி ஓடிவிடுகிறது. நான் வலது கை, மார்புக்குக் குறுக்கே இழுத்து வீசும் பேக்ஹேண்ட். கடையில் அதையே சாம்பியன் பிளாஸ்டிக்கில் வாங்கச் சொன்னார்கள். கூட ஆடுபவர்கள் டிஸ்கிராஃப்ட் நிறுவனத்தின் ஜோன் என்ற டிஸ்க்கை வாங்கச் சொல்கிறார்கள். எது நாள்பட உழைக்கும்? எடை எவ்வளவு பார்க்க வேண்டும்? நிறம் எதுவானாலும் சரிதானா?

ஒரு வாசகர்,
ஆஸ்டின்

*

அன்புள்ள நண்பருக்கு,

ஏவியார் மேல் குறையில்லை. ஒரே டிஸ்க்கிடம் இரண்டு வேலை வாங்கியதுதான் சிக்கல். சங்கிலியில் மோதிக் கூடைக்குள் விழும் டிஸ்க்குக்கு அடி குறைவு. அதற்கு விரலில் பிடிமானம் தரும் மிருதுவான பிளாஸ்டிக் போதும். 200 அடியிலிருந்து வேகமாக வரும் டிஸ்க் ஒவ்வொரு முறையும் தரையில் மோதித் தேய்த்துக்கொண்டே போய் நிற்கிறது. உங்கள் ஊரில் அந்தத் தரை சுண்ணாம்புப் பாறையும் சல்லியும். டிஎக்ஸ் அதற்குத் தாங்காது. அந்த ஏவியாரைப் பட்டிங்குக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். 10 மீட்டருக்குள்ளிருந்து போடும்போது வேகம் குறைவு, அதனால் தேய்ந்த விளிம்பு அங்கே அவ்வளவாகக் கெடுதல் செய்யாது.

வலது பக்கம் ஓடுவது ஏன் என்று டிஸ்க்கைக் கையில் எடுத்துப் பார்த்தாலே புரியும். விளிம்பின் வெளிப்புறத்தில் கட்டைவிரல் நகத்தை ஓட்டுங்கள். ஒரு மெல்லிய கோடு தட்டுப்படும். அச்சின் மேல்பாதியும் கீழ்பாதியும் சேர்ந்த இடம் அது. டிஸ்க்கை மேசையில் வைத்தால் அந்தக் கோடு எவ்வளவு உயரத்தில் இருக்கிறதோ, அந்த அளவுக்கு டிஸ்க் வலது பக்கம் புரளாமல் நிற்கும். மரத்திலும் பாறையிலும் மோத மோத மிருதுவான பிளாஸ்டிக்கில் விளிம்பின் அந்த முனை கீழ்நோக்கி நசுங்குகிறது. தரையில் உரசும்போது விளிம்பின் அடிப்பகுதியும் அரைபடுகிறது. கோடு ஒரு மயிரிழை இறங்கினாலே பறக்கும் பாதை மாறும். மெதுவாகப் போடும்போது தெரியாது, வேகமாக வீசும்போதுதான் வெளிப்படும். உங்களுக்கு நடப்பது இதுதான்.

ஆகவே நாள்பட உழைப்பது என்றால் உடையாமல் இருப்பது மட்டுமல்ல. டிஎக்ஸ்கூட லேசில் உடைவதில்லை. இன்று 150 அடியில் எப்படிப் போனதோ அப்படியே அடுத்த வருடமும் போகிறதா என்பதுதான் கணக்கு.

பிளாஸ்டிக்குக்கு வருவோம். இன்னோவாவில் டிஎக்ஸ் அடிமட்ட வகை, விலையும் குறைவு. ஸ்டாரும் சாம்பியனும் உயர்வகை. மற்ற நிறுவனங்களைப் பார்த்தால், டிஸ்கிராஃப்டில் இஎஸ்பியும் இஸட்டும், டைனமிக் டிஸ்க்ஸில் லூசிடும் ஃபியூஷனும், எம்விபியில் புரோட்டானும் நியூட்ரானும் அதே தட்டில் வருபவை. சாம்பியன், இஸட், லூசிட், புரோட்டான் நான்கும் பெரும்பாலும் ஒளி ஊடுருவும், கடினமாகப் பளபளவென்று இருக்கும். ஸ்டார், இஎஸ்பி, நியூட்ரான் கொஞ்சம் மங்கலாக, விரலுக்குப் பிடிப்பாக இருக்கும்.

கடைக்காரர் சொன்ன சாம்பியன் தேய்மானத்தில் மிக நல்லது, சந்தேகமில்லை. ஆனாலும் உங்களுக்கு அதைச் சொல்ல மாட்டேன். வெயிலில் காய்ந்து இறுகிய தரையில் கடினமான டிஸ்க் வழுக்கிக்கொண்டு போகும். கூடைக்கு 10 அடியில் விழுந்தது 30 அடி தள்ளி நின்றால், விளிம்பு புத்தம்புதிதாக இருந்து என்ன பயன்? ஜூலை வியர்வையில் விரலும் வழுக்கும். ஸ்டார், இஎஸ்பி போன்றவை தேய்மானத்தில் ஒரு படி கீழே இருந்தாலும், தரையில் கொஞ்சம் பிடித்து நிற்கும். அப்ரோச்சுக்கு அந்த ஒரு படியை விட்டுக்கொடுக்கலாம்.

இனி அச்சு, அதாவது டிஸ்க்கின் வடிவம். அது பறக்கும் விதத்தை நான்கு எண்களால் குறிப்பார்கள். ஏவியாரின் எண்கள் 2, 3, 0, 1. ஜோனின் எண்கள் 4, 3, 0, 3. வேகம், மிதப்பு, திருப்பம், கடைசி இறக்கம் என்ற வரிசை. கடைசி எண்தான் இங்கே முக்கியம். 3 என்றால் வலது கை பேக்ஹேண்டில் கடைசியில் அழுத்தமாக இடது பக்கம் வெட்டி இறங்கும். ஓங்கி வீசினாலும் புரளாது, எதிர்க்காற்றிலும் நிற்கும். எங்கே வெட்டும் என்று தெரிந்துவிட்டால் கூடைக்கு வலது பக்கம் குறி வைத்தால் போதும். விளிம்பு ஆழம் குறைவாக இருப்பதால், உள்ளங்கை முன்னோக்கி இருக்க வீசும் ஃபோர்ஹேண்டுக்கும் கையில் நன்றாக அமரும். வெஸ்ட்சைட் நிறுவனத்தின் ஹார்ப் டிஸ்க்கும் ஏறக்குறைய இதே குணம்தான்.

நண்பர்கள் இதில் ஒன்றைச் சொல்லாமல் விட்டிருப்பார்கள். உயர்வகைப் பிளாஸ்டிக்கில் ஜோன் ரொம்ப நாள் ஜோனாகவே இருக்கும். இரண்டு மரங்களுக்கு நடுவே கோடு போட்டது போல் 150 அடி நேராக வேண்டுமென்றால் அது கேட்காது, இடது மரத்தில் போய் முட்டும். அந்த வேலைக்கு ஏவியாரையே ஸ்டாரில் வாங்கலாம், அல்லது டைனமிக் டிஸ்க்ஸின் ஜட்ஜ் டிஸ்க்கை லூசிடில். ஜட்ஜின் எண்கள் 2, 4, 0, 1. மிதப்பு அதிகம் என்பதால் அளவு தவறினால் கூடையைத் தாண்டிவிடும். மிதக்காமல் பொத்தென்று விழ வேண்டுமென்றால் இன்னோவா ரைனோ இருக்கிறது, 2, 1, 0, 3. அதன் மேல்தட்டில் கட்டைவிரல் பதிய ஒரு மேடு ஓடும். சிலருக்கு அது கையில் உறுத்தும், வாங்கும் முன் பிடித்துப் பாருங்கள்.

நீங்கள் ஒன்றே ஒன்று வாங்குவதானால் இஎஸ்பி ஜோன். விலை டிஎக்ஸைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு வரும். கையில் பணம் இருந்தால் ஒரே நேரத்தில் இரண்டு வாங்கி, ஒன்றைத் தொடாமல் வையுங்கள். முதலாவது தேய்ந்து நேராகப் போகத் தொடங்கும் நாளில் அது மரங்களுக்கு நடுவே வீசுவதற்கு ஆகும், புதியது வெட்டி இறங்கும் வேலையை எடுத்துக்கொள்ளும்.

எடைக்கு, டிஸ்க் கோல்ஃப் விதிகளை வகுக்கும் அமைப்பான பிடிஜிஏவின் விதி எளிமையானது: விட்டத்தின் ஒரு செ.மீ.க்கு அதிகபட்சம் 8.3 கிராம். 21 செ.மீ. டிஸ்க் என்றால் 174.3 கிராம். டிஸ்க்கின் அடிப்பக்கத்தில் 173 முதல் 174 வரை எழுதியிருப்பதை எடுங்கள். கனமானது காற்றுக்கு அசையாது. 165க்குக் கீழே இருப்பதைக் கை வலிமை குறைந்தவர்கள் மட்டும் பார்க்கலாம்.

கடையில் ஒரே அச்சு, ஒரே பிளாஸ்டிக், ஒரே எடையில் ஐந்தாறு இருந்தாலும் எல்லாம் ஒன்றல்ல. சமமான கண்ணாடி மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, கண்ணை விளிம்பின் மட்டத்துக்கு இறக்கிப் பாருங்கள். மேலே சொன்ன கோடு எதில் உயரமாக இருக்கிறதோ அது அதிக நாள் வெட்டும். விரலால் மேல்தட்டை அழுத்துங்கள். உள்ளே போய்த் திரும்பும் மென்மை உள்ளது ஆகஸ்ட் வெயிலில் இன்னும் தளர்ந்துவிடும். கொஞ்சம் இறுக்கமானதை எடுங்கள்.

வாங்கிய அன்றே பாத்திரம் கழுவும் சோப்பில் கழுவுங்கள், புது டிஸ்க்கின் வழுவழுப்பு போய்விடும். பிறகு வெற்று மைதானத்தில் 150 அடியில் ஒரு பையை வைத்து ஐந்து முறை சமமாக வீசி, எத்தனை அடி இடது பக்கம் இறங்குகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை இதைச் செய்தால் தேய்மானம் எண்ணாகவே தெரியும்.

பாறையில் பட்டுப் பிசிறு நீட்டிக்கொண்டிருந்தால் 400 நம்பர் உப்புத்தாளால் பிசிறை மட்டும் நீவுங்கள். விதி அதை அனுமதிக்கிறது. விளிம்பின் வடிவத்தை மாற்றும் அளவுக்குத் தேய்த்தால் டிஸ்க் செல்லாது. விரிசல் விட்டதும் செல்லாது, அதை வீசினால் 2 வீச்சு அபராதம்.

பாறையைவிடப் பெரிய எதிரி உங்கள் கார். கோடையில் மூடிய காருக்குள் சாய்ந்து கிடக்கும் டிஸ்க் ஒரே மதியத்தில் வளைந்துவிடும். வளைந்தால் கை பொறுக்கும் சூட்டில் உள்ள வெந்நீரில் சில நிமிடம் போட்டு, சமமான பலகையில் கவிழ்த்து, மேலே புத்தகங்களை அடுக்கி ஆறவிடுங்கள். பெரும்பாலும் நிமிரும்.

நிறம் பார்க்கத்தான் வேண்டும். உங்கள் ஊரில் சுண்ணாம்புத் தரை வெளுப்பு, காய்ந்த புல் மஞ்சள், காட்டுக்குள் சீடர் மரங்களின் பச்சை. இந்த மூன்றும் வேண்டாம். கறுப்பும் கருநீலமும் வெயிலில் சீக்கிரம் சூடேறி இளகும். பளிச்சென்ற பிங்க் அல்லது வெளிர் நீலம் எடுங்கள். அடியில் அழியாத மையால் தொலைபேசி எண்ணை எழுதிவிடுங்கள்.