தக்காளிச் செடியில் இலைக்கருகல்: கேள்வி பதில்

வீட்டில் தக்காளி வளர்ப்பவர்கள் இலைக்கருகல் பற்றிக் கேட்டவற்றுக்கு ஒவ்வொன்றாகப் பதில் சொல்கிறேன்.

கேள்வி: அக்கா, செடி நல்லா காய்ச்சிருக்கு. ஆனா அடி இலையில எல்லாம் பழுப்புப் புள்ளி வந்து, சுத்தி மஞ்சளாகி, ஒவ்வொண்ணா காயுது. செடி செத்துடுமா?

பதில்: சாகாது, பயப்படாதீங்க. ஒரு இலையைப் பறித்து வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். புள்ளிக்குள், வெட்டிய மரத்தில் தெரிவதுபோல ஒன்றுக்குள் ஒன்றாக வளையங்கள் இருந்தால் அது முன்பருவ இலைக்கருகல். ஆல்டர்நேரியா என்ற பூஞ்சாணத்தால் வருவது. பழைய சருகிலும் மண்ணிலும் தங்கியிருந்து, தண்ணீர் தெறிக்கும்போது அடி இலையில் ஒட்டிக்கொள்ளும். 24 முதல் 29 டிகிரி வெப்பமும் இலையில் ஈரமும் சேர்ந்தால் மேலே மேலே ஏறும்.

புள்ளி விழுந்த இலைகளைக் காம்போடு வெட்டி எடுங்கள். தரையிலிருந்து ஒரு அடி உயரம் வரை இலையே இல்லாமல் சுத்தமாக இருக்கட்டும். பிறகு மண் தெரியாதபடி காய்ந்த புல்லோ வைக்கோலோ மூடாக்காகப் போடுங்கள். மண் தெறிப்பது நின்றாலே பாதி வேலை முடிந்தது.

கேள்வி: நாலு நாள் விடாம மழை. நேத்து வரைக்கும் பச்சையா இருந்த செடி. இன்னைக்குப் பாத்தா மேல் இலையெல்லாம் வெந்நீர் ஊத்தின மாதிரி கருத்துப்போச்சு, தண்டுலயும் கருப்புப் பட்டை. என்ன மருந்து அடிக்கலாம் மேடம்?

பதில்: இந்தச் செடிக்கு மருந்து வேண்டாம். சொல்லவே கஷ்டமாக இருக்கிறது, ஆனால் இன்றைக்கே பிடுங்கிவிடுங்கள். இது பின்பருவ இலைக்கருகல். பெயர்தான் ஒரே மாதிரி, முந்தைய கேள்வியில் பார்த்த நோய்க்கும் இதற்கும் உறவே கிடையாது. ஃபைட்டோஃப்தோரா இன்ஃபெஸ்டன்ஸ் என்ற இந்தக் கிருமி உண்மையில் பூஞ்சாண வகையிலேயே சேராது. நீர்ப்பாசிகளுக்கு நெருங்கிய இனம். 1845-ல் அயர்லாந்தில் உருளைக்கிழங்குப் பயிரை அழித்துப் பெரும் பஞ்சத்துக்குக் காரணமானது இதுதான்.

சந்தேகம் இருந்தால் விடிந்ததும், ஈரம் உலர்வதற்குள், இலையைத் திருப்பிப் பாருங்கள். கருப்புத் திட்டின் ஓரத்தில், அடிப்பக்கம், மெல்லிய வெள்ளைப் பூப்பு தெரியும். வெயில் ஏறினால் அது மறைந்துவிடும். தெரியவில்லை என்றால் அந்த இலையை ஈரத்தாளோடு ஒரு பாலிதீன் பையில் போட்டுக் கட்டி வையுங்கள். ஓரிரு நாளில் வெள்ளையாகப் பூத்துவிடும்.

அந்த வெள்ளைப் பூப்பு முழுக்க வித்துகள். காற்றில் பல கிலோமீட்டர் போகும். அதனால் செடியை உலுக்காமல், நின்ற இடத்திலேயே பெரிய பையால் மூடி, பிறகு பிடுங்கிக் கட்டுங்கள். கட்டிய பையை வெயிலில் சில நாள் விட்டு அப்புறம் அப்புறப்படுத்துங்கள். பக்கத்தில் உருளைக்கிழங்கு இருந்தால் அதையும் பாருங்கள். அதற்கும் இதே நோய்தான். அக்கம்பக்கத்தில் தக்காளி வைத்திருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். இதை மறைப்பதில் யாருக்கும் லாபமில்லை.

கேள்வி: மருந்து அடிச்சும் புள்ளி போகலையே? காசு கொடுத்து வாங்கினது வீணா?

பதில்: விழுந்த புள்ளியை எந்த மருந்தும் அழிக்காது. இதைப் புரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீரும். வீட்டுத் தோட்டத்துக்குக் கிடைக்கும் காப்பர் ஆக்சிகுளோரைடும் மேன்கோசெப்பும் நல்ல இலைக்கு மேல் நிற்கும் காவல். கிருமி இலைக்குள் நுழைந்துவிட்டால் அவற்றால் ஆவது ஒன்றுமில்லை. ஆகவே, முதலில் கெட்ட இலையை எடுத்துவிட்டுப் பிறகு தெளிக்க வேண்டும். இலையின் அடிப்பக்கமும் நனைய வேண்டும். 7 முதல் 10 நாளுக்கு ஒருமுறை, நல்ல மழை பெய்து கழுவிப்போனால் மறுபடியும். பார்க்க வேண்டியது புதுத்தளிரை. அதில் புள்ளி வராமல் இருந்தால் மருந்து வேலை செய்கிறது.

அளவும், தெளித்து எத்தனை நாள் கழித்துப் பறிக்கலாம் என்பதும் உறையில் அச்சிட்டிருக்கும். அதை மீறாதீர்கள். வீட்டுக்குழந்தைகள் செடியிலிருந்து பறித்து அப்படியே வாயில் போடுவார்கள் என்பதை மனதில் வையுங்கள்.

கேள்வி: போர்டோ கலவையை வீட்டிலேயே செய்யலாமா சார்?

பதில்: (சார் இல்லை, அம்மா!) தாராளமாகச் செய்யலாம். இதுவும் கருகலைத் தடுக்கத் தெளிக்கும் செம்பு மருந்துதான். 1880-களில் பிரான்சின் போர்டோ பகுதியில் திராட்சைக்காக வந்தது, இன்னும் பயன்படுகிறது. ஒரு லிட்டருக்குக் கணக்கு: 10 கிராம் மயில்துத்தத்தை (காப்பர் சல்ஃபேட்) அரை லிட்டர் தண்ணீரிலும், 10 கிராம் சுட்ட சுண்ணாம்பை இன்னொரு அரை லிட்டரிலும் தனித்தனியாகக் கரையுங்கள். பிளாஸ்டிக் வாளிதான்; இரும்புப் பாத்திரம் கூடாது. சுண்ணாம்பு கொதித்துத் தெறிக்கும், முகத்தைத் தள்ளி வையுங்கள். ஆறியதும் சுண்ணாம்பு நீரில் துத்தக் கரைசலைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக் கலக்கினால் வானநீலத்தில் ஒரு கலவை வரும்.

தெளிக்கும் முன் துருவில்லாத இரும்பு ஆணி ஒன்றை ஒரு நிமிடம் அதில் முக்கி எடுங்கள். ஆணியில் செம்பு நிறம் படிந்தால் துத்தம் அதிகம், இலை கருகிவிடும். ஆணி அப்படியே வெள்ளையாக வரும் வரை சுண்ணாம்பு நீர் சேருங்கள். வடிகட்டி, அன்றே தெளித்து முடியுங்கள். மறுநாள் அதற்குப் பலம் இருக்காது. இளம் நாற்றுக்கு இரண்டு இலையில் சோதித்துப் பார்த்துவிட்டுத்தான் முழுதும்.

கேள்வி: வேப்பெண்ணெய் போதாதா?

பதில்: பூச்சிக்குச் சரி. கருகலுக்கு அதை நம்பி உட்காராதீர்கள்.

கேள்வி: சாயங்காலம் வந்துதான் தண்ணி விட முடியுது. பூவாளியில செடி முழுக்க நனையுற மாதிரி விடுறேன். தப்பா?

பதில்: நேரத்தைவிட விடும் விதம்தான் பிரச்சினை. இரவெல்லாம் ஈரமாக இருக்கும் இலைதான் இரண்டு கருகலுக்கும் வாசல். சாயங்காலம்தான் முடியும் என்றால் விடுங்கள், ஆனால் ஒரு சொட்டுகூட இலையில் படாமல் வேர்ப்பக்கம் மட்டும். செடிக்குச் செடி இரண்டு அடி இடைவெளி விடுங்கள். குச்சி நட்டுக் கட்டி, நெருக்கமான பக்கக் கிளைகளைக் கிள்ளிவிட்டால் காற்று நுழைந்து பனி சீக்கிரம் உலரும். மருந்துக்கடைக்குப் போகும் முன் இதைச் செய்து பாருங்கள் என்று யார் கேட்டாலும் சொல்வேன்.

கேள்வி: இலையில புள்ளியே இல்ல, ஆனா செடி பச்சையாவே தொங்கிப்போச்சு. இதுவும் கருகலா அக்கா?

பதில்: இல்லை தம்பி, பாக்டீரியா வாடலாக இருக்கலாம். அடித்தண்டைக் குறுக்கே வெட்டி, ஒரு கண்ணாடி டம்ளர் தண்ணீரில் வெட்டுமுனை முங்கும்படி அசையாமல் பிடியுங்கள். சில நிமிடங்களில் பால்போல வெள்ளை இழை கீழே இறங்கினால் அதுதான். செடியை வேரோடு எடுத்துவிடுங்கள். அந்த மண்ணில் தக்காளி, கத்தரி, மிளகாய் மூன்றும் வேண்டாம்.

கேள்வி: காயோட அடி மட்டும் கருத்து அமுங்கியிருக்கு?

பதில்: அது நோயே இல்லை. ஒருநாள் காயவிட்டு ஒருநாள் ஊற்றுவதால் காய்க்குக் கால்சியம் போய்ச் சேரவில்லை. சீராகத் தண்ணீர் விடுங்கள்.

கேள்வி: பின்பருவக் கருகல் வந்த செடியில நல்ல காய் நிறைய இருக்கு. சாப்பிடலாமா?

பதில்: பழுப்புத் திட்டு இல்லாத காய்களைச் சாப்பிடலாம், இந்தக் கிருமி மனிதரை ஒன்றும் செய்யாது. கழுவித் துடைத்து வீட்டுக்குள் பரப்பி வையுங்கள்; சிலது இரண்டு மூன்று நாளில் திட்டு விழும், அதைத் தூக்கிப் போட்டுவிடுங்கள். கெட்ட பகுதியை நறுக்கிவிட்டு மீதியை ஊறுகாய் போடுவதோ பாட்டிலில் அடைப்பதோ கூடாது, வேறு கிருமிகளும் அந்தக் காயில் புகுந்திருக்கும்.

கேள்வி: அதே தொட்டி மண்ணை அடுத்த தடவை பயன்படுத்தலாமா?

பதில்: பின்பருவக் கருகல் பெரும்பாலும் உயிருள்ள செடியில்தான் தங்கும். அதனால் தானாக முளைக்கும் தக்காளிக் கன்று, மண்ணில் விட்டுப்போன உருளைக்கிழங்கு எதுவும் இல்லாமல் பொறுக்கி எடுத்தாலே போதும். முன்பருவக் கருகல் சருகோடு மண்ணில் கிடக்கும். அந்த மண்ணில் இரண்டு மூன்று பருவத்துக்குக் கீரை, அவரை, வெண்டை போடுங்கள். நோய்ச் சருகை வீட்டு உரக்குழியில் போட வேண்டாம், கிருமி சாகும் அளவுக்கு அது சூடாகாது. பழைய குச்சிகளையும் கயிற்றையும் மறக்காதீர்கள்: குச்சியைத் தேய்த்துக் கழுவி வெயிலில் போடுங்கள், கயிறு புதிதாக வாங்கிக்கொள்ளுங்கள்.